டயாலிசிஸ் கட்டிலருகே யார் பேசுவது?

வாரத்துக்கு 2 முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவர் ஆண்டுக்கு 400 மணி நேரத்துக்கு மேல் அந்தக் கட்டிலில் படுத்திருக்கிறார். 3 முறை என்றால் 600ஐத் தாண்டும். பிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகக் கையில் இணைத்த ரத்தக்குழாயில்) ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாது. மறு கையில் செல்பேசி. கொஞ்சம் பழைய படம், கொஞ்சம் ரீல்ஸ், கொஞ்சம் தூக்கம். இத்தனை மணி நேரத்தில் மாற்றுச் சிறுநீரகம் பற்றி யாராவது அவரருகே உட்கார்ந்து பேசிய நேரம் எவ்வளவு என்று விசாரித்தால், பல இடங்களில் நிமிடக் கணக்கில்கூடப் பதில் வராது.

யார் மீதும் பழிபோட இதைச் சொல்லவில்லை. ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் இயந்திரத்தைச் சுத்தம் செய்து, குழாய் மாற்றி, எடை பார்த்து, ஊசி போட்டு, நடுவில் பிரஷர் இறங்கிப்போனவரைத் தூக்கி நிறுத்தவே டெக்னீஷியனுக்கும் செவிலியருக்கும் நேரம் போதவில்லை. உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது 2011இல் திருத்தப்பட்ட உறுப்பு மாற்றுச் சட்டம். ஆனால், அவர் இருப்பது மாற்று அறுவை செய்யும் மருத்துவமனையில். தாலுகா மருத்துவமனையின் டயாலிசிஸ் அறைக்கும் அவருக்கும் இடையே பல மணி நேரப் பேருந்துப் பயணம் இருக்கிறது.

அந்த இடைவெளியில் பேசுவது பக்கத்துக் கட்டில்காரர், யூடியூப், ஊரில் யாரோ ஒருவர். 'பழைய கிட்னியைப் பிடுங்கி எடுத்துருவாங்களாம்.' 'கொடுத்தவங்க அப்புறம் ஒரு குடம் தண்ணிகூடத் தூக்க முடியாதாம்.' 'மாத்தினாலும் ரெண்டு வருசந்தானாம்.' உண்மையில் பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. புதியதை அடிவயிற்றின் ஓரத்தில், காலுக்குப் போகும் ரத்தக்குழாயோடு இணைத்து வைக்கிறார்கள். தகுந்த சோதனைகளுக்குப் பிறகு கொடுத்தவர் சில வாரங்களில் வழக்கமான வேலைக்குத் திரும்பிவிடுகிறார். பொருத்தப்பட்ட சிறுநீரகம் சாகும்வரை உழைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாதுதான். ஆனால், இரண்டு வருடம் என்பதும் பொய்க்கணக்கு. இறந்தவரிடமிருந்து பெற்றதைவிட உயிரோடு இருப்பவர் கொடுத்தது சராசரியில் கூடுதல் காலம் உழைக்கும்.

இவற்றைவிட முக்கியமான ஒன்று பெரும்பாலோர் காதுக்கு எட்டுவதே இல்லை. டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்பே மாற்றிக்கொள்ளலாம். கொடுப்பவர் தயாராக இருந்தால் அதன் பலன் நன்றாகவே இருக்கும். இதைக் கேள்விப்படும்போது பலருக்குக் கையில் பிஸ்டுலா போட்டு இரண்டு வருடம் ஆகியிருக்கும். அதற்குள் பலமுறை ரத்தம் ஏற்றியிருப்பார்கள். அப்படி ஏற்றிய ரத்தம் உடம்பில் எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கி, பின்னாளில் பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பதையே கடினமாக்கக்கூடும் என்பதையும் அப்போதுதான் கேட்பார்கள்.

பணக்கார நாட்டிலும் இந்தக் கதைதான். அமெரிக்காவில் டயாலிசிஸ் தொடங்கும் ஒவ்வொருவருக்கும் 2728 என்ற எண்ணுள்ள அரசுப் படிவத்தை நிரப்ப வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் என்று ஒரு வழி இருப்பதை நோயாளிக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டு அதில் ஒரு கட்டம் இருக்கிறது. மையங்கள் 'சொன்னோம்' என்று டிக் அடித்திருக்க, 'எங்களிடம் யாரும் சொல்லவில்லையே' என்று நோயாளிகள் கைவிரித்ததை அங்கே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் மெய்நிகர் உதவியாளர் என்கிற யோசனை வருகிறது. திரையில் ஒரு முகமோ வெறும் குரலோ நோயாளியிடம் பேசும், கேட்டதற்குப் பதில் சொல்லும், புரிந்ததா என்று திருப்பிக் கேட்கும். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் மெடிக்கல் சென்டரில் ஆய்வாளர் டிமோதி பிக்மோர் குழுவினர் 15 ஆண்டுகளுக்கும் முன்பே 'லூயிஸ்' என்ற மெய்நிகர் செவிலியரைச் சக்கரம் வைத்த திரையில் கட்டிலருகே கொண்டுபோய் நிறுத்தினார்கள். வீட்டுக்குப் போகும் நோயாளிக்கு எந்த மாத்திரை எப்போது, அடுத்த பரிசோதனை என்றைக்கு என்று பக்கம் பக்கமாக விளக்கும். புரியாத கேள்வியைக் குறித்துவைத்துக்கொண்டு நிஜச் செவிலியரிடம் ஒப்படைக்கும். எழுதப் படிக்கத் தடுமாறியவர்களுக்கும் அது பிடித்துப்போனது. டாக்டர், நர்ஸ் சொல்வதைவிட இதனிடம் கேட்டுக்கொள்வதே நல்லது என்று கணிசமானோர் சொன்னார்கள். காரணம் எளிது: அதற்கு அவசரமில்லை, ஒரே கேள்வியை நான்காவது முறை கேட்டாலும் முகம் சுளிக்காது.

அதே பிக்மோர்தான் நாணயத்தின் மறுபக்கத்தையும் காட்டினார். சிரி, அலெக்சா, கூகுள் அசிஸ்டன்ட் மூன்றிடமும் 54 பேரை மருத்துவக் கேள்விகள் கேட்க வைத்து, கிடைத்த பதிலை வைத்து என்ன செய்வீர்கள் என்று விசாரித்த ஆய்வு 2018இல் வெளியானது. அவர்கள் செய்வதாகச் சொன்னவற்றில் 29 சதவீதம் உடம்புக்குக் கெடுதல் செய்திருக்கும். 16 சதவீதம் உயிரையே பறித்திருக்கும்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. 2023இல் அமெரிக்காவில் உணவுக் கோளாறு நோயாளிகளுக்கான ஒரு தேசிய அமைப்பு தன் உதவித் தொலைபேசியை மூடியது. அங்கிருந்த 'டெசா' என்ற உரையாடல் மென்பொருளோ பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் நோயாளிகளிடமே கலோரியைக் குறைக்கச் சொன்னது. அதையும் அவசரமாக இழுத்து மூடினார்கள். எழுதிக்கொடுத்த பதிலை மட்டும் சொல்லும் மென்பொருளாகப் பிறந்தது அது. நடத்திய நிறுவனம் இடையில் அதைத் தானாகப் பதில் உருவாக்குவதாக மாற்றியிருந்தது. நம் ஊர் டெண்டரில் இப்படி ஒன்றை வாங்கப்போகும் அதிகாரி படிக்க வேண்டிய முதல் பாடம் இதுதான் என்பேன். வாங்கிய நாளில் நன்றாக இருந்தது அடுத்த ஆண்டு வேறொன்றாகியிருக்கலாம்.

நான் இந்த யோசனைக்கு ஆதரவாளன். ஆனால், எதற்கு ஆதரவு என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் பற்றி வாய்திறந்து கேட்கக் கூச்சப்படும் கேள்விகளுக்கு இடம் தரவும், கேட்டவரை ஒரு மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவும் இது உதவும். முடிவெடுக்க வைப்பது இதன் வேலையாக இருக்கவே கூடாது.

முதலில் அது நம்மைப் புரிந்துகொள்ள வேண்டும். கிரியேட்டினின் 8 என்பதை நம் வார்டுகளில் 'உப்பு எட்டுக்கு வந்துருச்சு' என்றுதான் சொல்கிறார்கள். வெளிநாட்டில் செய்து தமிழில் மொழிபெயர்த்த உதவியாளர் இதைக் கேட்டதும் சமையலில் உப்பைக் குறைக்கச் சொல்லி ஒரு பிரசங்கம் செய்யும். பொட்டாசியம் கூடாது என்பதற்கு ஆரஞ்சையும் அவகாடோவையும் காட்டும். இங்கே ஆபத்து வருவதோ இளநீரில். 'சூட்டுக்கு நல்லது' என்று வீட்டார் அன்பாக வெட்டிக் கொடுக்கும் ஓர் இளநீர், சிறுநீரகம் செயலிழந்தவரின் இதயத் துடிப்பைக் குலைத்துவிடக்கூடும். முருங்கைக்கீரை, வாழைப்பழம், கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குள் என்று டாக்டர் சொன்ன கணக்கில் மோரும் ரசமும் கஞ்சியும் சேருமா? சேரும். 'தண்ணி'தானே குறைக்கச் சொன்னார்கள் என்று நம்பி, மோராகக் குடித்துவிட்டு மூச்சிரைக்க வருபவர்கள் உண்டு.

மாற்று அறுவைக்குப் பிறகும் இதே கதை. உடம்பு புதிய சிறுநீரகத்தை அந்நியமாகக் கருதித் தாக்காமலிருக்க டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகளை நாள் தவறாமல் சாப்பிட வேண்டும். கிரேப்ஃப்ரூட் சாப்பிடாதே என்று ஆங்கிலக் கையேடுகள் எச்சரிக்கும். நம்மில் பெரும்பாலோர் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. அதன் உறவான பப்ளிமாஸ் நம் சந்தையில் கிடைக்கிறது. அதுவும் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடக்கூடியது. இதைத் தமிழில் யாராவது சொல்லியிருக்கிறார்களா? மருந்தின் அளவைப் பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில், ரத்தம் எடுத்த பிறகுதான் காலை மாத்திரையைப் போட வேண்டும். முதலிலேயே விழுங்கிவிட்டுப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பி மருத்துவர் மாத்திரையைக் குறைத்தால் சிறுநீரகத்துக்கே ஆபத்து. சின்ன விஷயம்தான். ஆனால், முந்தைய நாள் இரவு ஒரு குரல் கூப்பிட்டு 'அம்மா, நாளைக்கு டெஸ்ட். மாத்திரையைக் கையில எடுத்துட்டுப் போங்க, ரத்தம் கொடுத்துட்டுப் போடுங்க' என்று ஞாபகப்படுத்தினால் போதும். மெய்நிகர் உதவியாளர் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய வேலை இது.

குரல் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. செயலி, எழுத்து, மெனு என்று போனால் யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் வெளியே நின்றுவிடுவார்கள். வாடிக்கையாளர் சேவை எண்களில் கேட்கும் அந்த 'எண் ஒன்றை அழுத்தவும்' தமிழும் வேண்டாம். நாகர்கோவில்காரரும் கிருஷ்ணகிரிக்காரரும் தாங்கள் பேசுகிற மாதிரியே கேட்டால் புரிந்துகொள்ள வேண்டும். பேச்சுத் தமிழை இயந்திரத்துக்குப் புரியவைப்பது இன்னும் அரைகுறையாகத்தான் இருக்கிறது. புரியாதபோது புரிந்த மாதிரி நடிக்காமல் 'எனக்கு வெளங்கலைங்க, நர்ஸ் அக்காகிட்ட குறிச்சு வைக்கிறேன்' என்று சொல்லத் தெரிந்த இயந்திரம்தான் வேண்டும்.

இனி அந்தக் கூச்சக் கேள்விகள். 1966இல் கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் 'எலைசா' என்ற எளிய உரையாடல் நிரலை எழுதினார். அது வெறும் நிரல்தான் என்பது தெரிந்திருந்தும் அவருடைய செயலாளர் அதனுடன் பேச உட்கார்ந்ததும், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரையே அனுப்பிவிட்டார். இயந்திரம் நம்மை எடைபோடாது என்ற எண்ணமே மனிதர்களை வாய்திறக்க வைக்கிறது. திருமணமாகி இரண்டு வருடத்தில் சிறுநீரகம் போன பெண்ணுக்கு, மாற்றிய பிறகு பிள்ளை பெறலாமா என்று கேட்க வேண்டும். ஆண் மருத்துவர், பின்னால் மாமியார், வரிசையில் இன்னும் 40 பேர். அவர் கேட்க மாட்டார். பதில் இருக்கிறது. பெறலாம். குறைந்தது ஓராண்டு பொறுத்து, சிறுநீரகம் சீராக இயங்கினால், மருத்துவர் மேற்பார்வையில் பெறலாம். ஆனால், மைக்கோஃபினோலேட் என்ற மாத்திரை கருவுக்குக் கேடு செய்யும். கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரைக் கேட்டு அதை மாற்றியாக வேண்டும். கேட்கப்படாத கேள்வியால் இங்கே ஒரு குழந்தையின் உடல் பாதிக்கப்படலாம். தாம்பத்தியம், குடிப்பழக்கம், மறுபடி வேலைக்குப் போனால் சொல்ல வேண்டுமா என்பதெல்லாம் இந்த வகைதான்.

கொடுப்பவரின் கேள்விகள் இன்னும் ஆழமானவை. அமெரிக்க மென்பொருள்களின் கற்பனையில் நோயாளி தனியாக ஒரு டேப்லெட்டுடன் உட்கார்ந்து தன் விருப்பத்தைத் தேர்ந்தெடுக்கிறார். நம் வீடுகளில் அது கூடத்தில் தீர்மானமாகிறது. அண்ணன் 'எனக்குச் சுகர் இருக்கு' என்பார், தம்பி மனைவியின் முகத்தைப் பார்ப்பார், எல்லார் கண்ணும் கடைசியில் மனைவி மீதோ அம்மா மீதோ போய் நிற்கும். இந்தியாவில் உயிரோடு இருந்து சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; வாங்கிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். சட்டம் இதை அறியாமலில்லை. கொடுக்க முன்வருபவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், அவருடைய சுயேச்சையான சம்மதத்தை, சிறுநீரகத்தைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் வழியாக உறுதிசெய்ய வேண்டும் என்று 2014ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன.

உதவியாளரை நோயாளியின் வக்கீலாக மட்டும் வடிவமைத்தால் அது அந்தப் பெண்ணின் மீது இன்னுமொரு அழுத்தமாகிவிடும். 'உங்கள் கணவருக்கு வாழ்வு கொடுக்கலாம்' என்று இனிய குரலில் சொல்லும் இயந்திரம் மாமியாரைவிடக் கொடுமையானது. அது அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியவை வேறு. கொடுக்க மறுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அறுவை அரங்கு வாசல் வரைக்கும் மனம் மாறலாம். நீங்கள் விரும்பவில்லை என்றால், காரணத்தை வெளியே சொல்லாமல் 'பொருந்தவில்லை' என்ற அளவில் மருத்துவர் வீட்டாரிடம் முடித்துவைக்க முடியும். ஒரு சிறுநீரகத்தோடு பெரும்பாலோர் நலமாக வாழ்கிறார்கள். ஆனாலும் பிற்காலத்தில் சிறுநீரகம் செயலிழக்கும் அபாயம் கொடுக்காதவர்களைவிடச் சிறிதளவு கூடுதல், அதனால் ஆண்டுதோறும் பரிசோதனை வேண்டும். இவ்வளவையும் ஒளிக்காமல் சொன்ன பிறகு வரும் சம்மதம்தான் சம்மதம்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. வீட்டில் இருப்பது ஒரு ஸ்மார்ட்போன். அது கணவர் கையிலோ மகன் கையிலோ இருக்கும். அந்தப் பெண் கேட்ட கேள்வி வாட்ஸ்அப்பில் வரிசையாக நிற்கும். எனவே, கொடுப்பவருக்கான உரையாடலைச் செல்பேசியில் வைக்கவே கூடாது. மருத்துவமனையில் கதவு மூடிய ஓர் அறையில், பேசி முடித்ததும் தடமில்லாமல் அழியும் திரையில், பக்கத்து அறையில் ஒருங்கிணைப்பாளர் உட்கார்ந்திருக்க, அங்கே வைக்க வேண்டும். விற்பனைக்கு வரும் நிறுவனங்கள் பதிவிறக்க எண்ணிக்கையைக் காட்டுவார்கள். இந்த அறையைப் பற்றிக் கேளுங்கள்.

தரகரைப் பற்றியும் பேசாமல் முடியாது. நோயாளிக்கு முதலில் கிடைக்கும் 'உதவியாளர்' பல நேரம் அவர்தான். அவர் தமிழில் பேசுவார், வீட்டுக்கே வருவார், எந்த நேரத்திலும் போனை எடுப்பார். 1980களிலிருந்தே சென்னை வில்லிவாக்கத்துக்குச் சிறுநீரக விற்பனையால் 'கிட்னிவாக்கம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர் மறுகுடியிருப்பில் மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்ற செய்தி வந்தது. 2025இல் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்கள் வரைக்கும் கதை நீண்டு, அரசு விசாரணைக்குப் போனது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை நேரில் கண்டு மாதவ் கோயல் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், 96 சதவீதத்தினர் கடனை அடைக்கவே விற்றிருந்தார்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் சராசரியில் மூன்றில் ஒரு பங்கு சரிந்திருந்தது.

'கிட்னி எங்க கிடைக்கும்?' என்று ஒருவர் உதவியாளரிடம் கேட்டால், 'இதற்குப் பதிலளிக்க இயலாது' என்று அது நழுவினால் அவர் அடுத்துக் கேட்கப்போவது தரகரிடம். நேராகச் சொல்ல வேண்டும். பணத்துக்கு வாங்குவதும் விற்பதும் குற்றம்; 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். அடுத்த மூச்சிலேயே சட்டபூர்வ வழிகளையும் சொல்ல வேண்டும். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர், கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் நெருங்கிய உறவு. மற்றவர் என்றால் அங்கீகாரக் குழு முன்னால் நிற்க வேண்டும். மனைவியின் ரத்த வகை சேரவில்லையா? இதேபோல் சேராத இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ளும் 'ஸ்வாப்' முறைக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. இது தெரியாமலே ஃபைலை மூடிவைத்த வீடுகள் உண்டு.

கொடுக்க யாருமில்லாதவர்கள் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானின் பட்டியலில் காத்திருக்க வேண்டும். 2008இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி விபத்தில் மூளைச்சாவடைந்த மகனின் உறுப்புகளைக் கொடுத்த நிகழ்ச்சி தமிழ்நாட்டையே உலுக்கியது. அதே ஆண்டு தொடங்கிய அரசுத் திட்டம் நாட்டில் முன்வரிசைக்கு வந்துவிட்டது. உறுப்பு தருவோரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் முதலமைச்சர் அறிவித்தார். கொடுக்கும் குடும்பங்களோடு பேச இவ்வளவு கற்றுக்கொண்ட நாம், காத்திருப்பவரோடு பேச அவ்வளவு மெனக்கெடவில்லை. பெயர் பதிந்துவிட்டு வந்தவருக்குத் தான் பட்டியலில் இன்னும் இருக்கிறோமா என்பதே தெரியாது. பரிசோதனைகள் காலாவதியாகியிருக்கும், செல்பேசி எண் மாறியிருக்கும், பல்லில் சீழ் இருக்கும். நள்ளிரவில் அழைப்பு வரும் நாளில் அதனாலேயே வாய்ப்பு அடுத்தவருக்குப் போகும். மாதம் ஒருமுறை கூப்பிட்டு எண் இதுதானா, காய்ச்சல் ஏதும் உண்டா, இருதயப் பரிசோதனை எப்போது எடுத்தீர்கள் என்று விசாரிக்க இயந்திரத்துக்கு அலுப்பே வராது.

இதை அரசே செய்ய வேண்டும் என்பது என் கட்சி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸும் வருகிறது, மாற்று அறுவையும் வருகிறது. வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் டயாலிசிஸ் திரவப் பைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. ஸ்டான்லி, மதுரை ராஜாஜி போன்ற அரசு மருத்துவமனைகளில் சிறுநீரகம் மாற்றிப் பல ஆண்டு அனுபவமுள்ள மருத்துவர்கள் இருக்கிறார்கள். பதில்களை அவர்கள் எழுதட்டும். மாற்றிக்கொண்டவர்களும் கொடுத்தவர்களும் அதை வாசித்துத் திருத்தட்டும். தானாகக் கற்பனை செய்யும் மென்பொருள் கேள்வியைப் புரிந்துகொள்ள மட்டும் பயன்படட்டும், பதிலை உருவாக்க வேண்டாம். தனியார் மருத்துவமனை இலவசமாகக் கொடுக்கும் உதவியாளர், நோயாளியை எந்த வாசலுக்கு அனுப்பும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. யாருக்குச் சிறுநீரகம் தேவை, யார் கொடுக்கத் தயங்குகிறார், யாருக்குக் கடன் இருக்கிறது என்ற உரையாடல் பதிவு ஒரு தரகர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இயந்திரம் வந்துவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் பணியிடங்களை நிரப்பாமல் விடுவதற்கு நிதித்துறையில் ஒரு கை நீளும். நீண்டால் அந்த நாளே திட்டத்தை நிறுத்திவிடுவது மேல். ஏனென்றால், கேள்விகள் கூடும்போது பதில் சொல்ல வேண்டிய மனிதர்களும் கூட வேண்டியிருக்கும். ஒப்பந்தத்தில் இத்தனை லட்சம் உரையாடல் என்ற கணக்கு வேண்டாம். கேட்டவர்களில் எத்தனை பேர் மாற்று மருத்துவமனையின் ஓ.பி.க்கு வந்துசேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்பே வந்தார்கள், கொடுக்க முன்வந்த பெண்களில் எத்தனை பேர் அந்தக் கதவு மூடிய அறையில் 'வேண்டாம்' என்று சொன்னார்கள் என்ற மூன்று எண்களைப் பெயர் விவரமில்லாமல் ஆண்டுதோறும் டிரான்ஸ்டான் வெளியிடட்டும். மூன்றாவது எண் சுழியாகவே வந்துகொண்டிருந்தால் அந்த அறையையும் அதில் வைத்த இயந்திரத்தையும் மறுபடி திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.